ஆறு வால்வுகளும் ஒரு பொய்யும்

ஓகஸ்ட் 4, திங்கள்

வெயில். காற்று இல்லை. குளத்தின் நடுவில் மட்டும் கொஞ்சம் சேற்றுத் தண்ணீர், கொக்குகளுக்குப் போதும்.

ட்ரக்டரில் தண்ணீர் கொண்டுபோகும் நடை இரண்டு ஒழுங்காக முடிந்தது. முதலாம் வாய்க்கால், பாலர் பாடசாலை. மூன்றாவது நடை காட்டோரக் குடியிருப்புக்கு. திருப்பம் ஏறும்போது ட்ரக்டர் இழுக்க மறுத்தது. முதலில் கரும்புகை. பிறகு முன்பக்கத்தால் ஆவி. பிறகு எஞ்சின் நின்றேவிட்டது. பின்னால் பவுசரில் மூவாயிரம் லீற்றர் குடிதண்ணீர், முன்னால் கொதிக்கிற இரும்பு.

நல்ல காலம், குடியிருப்பு கூப்பிடு தூரம். சனம் வாளி, குடம், பரல் என்று கொண்டுவந்து அங்கேயே பவுசரை இறக்கிக்கொண்டு போனது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஞானம், மூன்று சின்னப் பிள்ளைகளோடு தனியாக இருக்கிறவள், என்னை நிழலில் போய் இருக்கச் சொல்லிவிட்டுக் குழாயைத் தானே பிடித்து எல்லோருக்கும் நிரப்பிக் கொடுத்தாள்.

என் சிநேகிதன் அந்தோனி வயலால் வந்துகொண்டிருந்தவன். கேட்காமலே சங்கிலி எடுத்துக் கட்டினான். மாங்குளம் வரை தன் ட்ரக்டரில் இழுத்துப்போய் மெக்கானிக் ராதாவின் கராச்சில் விட்டான்.

"யோசியாதை நேசன். உன்ர பவுசரை என்ர மிசினிலை கொளுவிறன். நாளையிலையிருந்து நான் ஓடுறன்."

"உனக்கு மடுவுக்குப் போற வேலை கிடக்கெல்லே?"

"திருநாள் பதினைஞ்சாந் திகதி. அதுக்கிடையிலை உன்ரை எழும்பீடும்."

மீள்குடியேறிய வருசத்திலிருந்து மடு மாதா கோயில் திருநாளுக்கு ஒரு வருசமும் போகாமல் விட்டதில்லை அவன். ட்ரக்டர்ப் பெட்டியில் சனத்தை ஏற்றி, சமையல் சட்டி, தறப்பாள் எல்லாம் கட்டிக்கொண்டு, திருநாளுக்கு நாலு நாள் முந்தியே போய்க் காட்டில் கூடாரம் அடிப்பான். இதைத் தெரிந்துகொண்டுதான் என் நடையை எடுத்திருக்கிறான்.

ராதா எஞ்சினைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். "கழட்டிப் பாத்தால்தான் சொல்லலாம் அண்ணை. அனேகமா ஹெட்தான், எஞ்சின்ர மேல்மூடி."

மனுசி தவம் மத்தியானத்துக் கருவாட்டுக் குழம்பைச் சூடாக்கித் தந்தாள். சாப்பிட மனமில்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

வெயில் அதே. வீட்டில் சும்மா இருந்தது. பின்வளவு வேலி, மூன்று கதியால் மாற்றினேன்.

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று. இந்தக் கொப்பியை ஒருவரும் வாசிப்பதில்லை. இதிலும் ஒளிப்பது என்றால் எதற்கு எழுதுகிறேன்.

ரேடியேட்டர் குழாயின் கிளிப் வெள்ளிக்கிழமையே கசிந்தது. பார்த்தேன். மாற்றுவோம் என்று விட்டேன். சூடு காட்டும் கேஜ் போன வருசம் செத்தது, அதையும் மாற்றவில்லை. நேற்று ஆவி கிளம்பினதும் பதற்றத்தில் பவுசர்க் குழாயைத் திறந்து, குளிர்ந்த தண்ணீரை அந்தக் கொதிக்கிற எஞ்சினுக்குள் ஊற்றினேன். உள்ளே "டிக்" என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம். அந்த நேரமே விளங்கிவிட்டது. முப்பது வருசம் ட்ரக்டர் ஓட்டுகிறவனுக்கு விளங்காமல் இருக்குமா.

தண்ணீர் விநியோகிக்கிறவன், தன் வண்டிக்குத் தண்ணீர் பார்க்கவில்லை.

பிறகு அந்தோனி வந்து "என்ன நடந்தது?" என்று கேட்டான். பக்கத்தில் ஏழெட்டுப் பேர். என் வாய் சொன்னது: "போன வருசம் ராதா போட்ட கேஸ்கெட். பழுதாப் போச்சு."

ஏன் சொன்னேன்? யோசித்துச் சொன்னதில்லை. ஊரே வாளியோடு நிற்கிறது, என்னைக் குற்றம் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். ராதா அங்கே இல்லை. அவ்வளவுதான் காரணம். பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் கேட்டபோதும் அதையே சொன்னேன். இரண்டாம் முறை யோசித்தே சொன்னது.

அந்தோனி இன்று மூன்று நடை ஓடியிருக்கிறான். தவம் வீதியில் கண்டாளாம். கை காட்டிப் போனானாம்.

ஓகஸ்ட் 6, புதன்

காலை ராதாவின் கராச். அவளுக்கு இடது காது கேளாது. வலப்பக்கம் நின்றுதான் கதைக்க வேண்டும். டீசல் எஞ்சின் வேலை எங்கே படித்தாள் என்று நான் கேட்டதில்லை. சண்டைக் காலத்தில் யார் எங்கே இருந்தார்கள் என்று எங்கள் பக்கத்தில் ஒருவரும் கேட்பதில்லை. கை மட்டும் தெரியும். நட்டைத் தொட்டாலே எத்தனை சுற்று வரும் என்று சொல்லும் கை.

பத்து மணிக்கு ஹெட் கழன்றது. இருவரும் தூக்கி மேசையில் வைத்தோம். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாள், காயவிட்டு, வெண்கட்டியால் மேலே பூசினாள். கொஞ்ச நேரத்தில் நடுச் சிலிண்டரில், உறிஞ்சுகிற வால்வுக்கும் புகை போகிற வால்வுக்கும் இடையில், மயிர்க்கோடு மாதிரி ஒரு கறுப்புக் கோடு ஊறி வந்தது. வெடிப்பு.

"அண்ணை, கேஜ் வேலை செய்யேல்லையோ?"

"போன வருசமே பழுதாப் போச்சு தங்கச்சி."

"ம்."

பிறகு ஹெட்டுக்கு அடியில் இருந்த கேஸ்கெட் தகட்டை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு இடத்திலும் எரியவில்லை, கிழியவில்லை. அவள் போட்டபடியே இருந்தது. சுவரில் ஓர் ஆணியில் கொழுவிவிட்டாள்.

நான் என்ன சொன்னேன் என்று அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ. மாங்குளம் சின்ன இடம்.

வால்வு ஆறு. புகை போகிற மூன்றும் விளிம்பில் கருகி, ஒன்று பல்லுடைந்த மாதிரி. உறிஞ்சுகிற மூன்றும் பரவாயில்லை என்றாள், ஆனால் தண்டு தேய்ந்து உள்ளே ஆடுகிறது.

நாளை வவுனியா.

ஓகஸ்ட் 7, வியாழன்

ஹெட்டை யூரியாச் சாக்கில் கட்டி, ஆறரை பஸ். பின் கதவால் ஏற்ற நானும் ராதாவும் பட்ட பாடு. கொண்டக்டர் உதவிக்குக் கை வைத்தான்.

"என்ன அக்கா, இந்தப் பாரம்? சாக்குக்குள்ளை என்ன?"

"தலை," என்றாள் ராதா.

கொண்டக்டர் கையை எடுத்த எடுப்பு! பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், மூன்று நாளுக்குப் பிறகு.

லேத் கடையில் காற்று அடைத்து வெந்நீரில் அமுக்கிப் பார்த்தார்கள். வெடிப்பிலிருந்து குமிழி குமிழியாக வந்தது. ஒட்டிச் சரிப்படுத்தலாம், நிச்சயம் சொல்ல ஏலாது என்றார் லேத்துக்காரர். வேறு ஹெட்தான்.

உதிரிப்பாகக் கடை. முதலாளி நல்ல கதைகாரர். பளபளவென்று ஒரு புது ஹெட்டைக் காட்டினார். வெளிநாட்டு இறக்குமதி, உறிஞ்சுகிற வால்வு மூன்றும் பெரிசு.

"கூடக் காத்து இழுக்கும், கூடப் பவர். பவுசர் என்ன, லொறியே இழுக்கும்."

எனக்கு ஆசை வந்ததை மறைக்கவில்லை. ராதா அளவுகோலால் வால்வை அளந்தாள், இரண்டுக்கும் இடையில் உள்ள இரும்பை அளந்தாள்.

"அண்ணை, இது வேகமா ஓடுற வண்டியில்லை. மெதுவா, நாள் முழுக்க, பாரம் இழுக்கிற வண்டி. வால்வைப் பெருப்பிச்சால் ரெண்டுக்கும் நடுவிலை இருக்கிற இரும்பு இன்னும் மெலியும். வெடிச்சது அதிலைதானே?"

முதலாளி, "தங்கச்சி சொல்லுறதும் சரிதான்" என்று உடனே கட்சி மாறிவிட்டார்.

கடைசியில் பின்பக்கத்தில் கிடந்த ஒரு பழைய ஹெட். ட்ரக்டர்க் கம்பனியின் முதல் அச்சில் வார்த்தது, எங்கள் வண்டியின் வயதுதான் இருக்கும். அதை லேத் கடைக்குக் கொண்டுபோய் எங்கள் கண் முன்னாலேயே தண்ணீரில் அமுக்கிப் பார்த்தோம். ஒரு குமிழி இல்லை. ராதாவின் முகத்தில் அப்போதுதான் ஒரு சந்தோசம்.

உதிரிப்பாகக் கடைக்குத் திரும்பி, வால்வு. முதலாளி ஒரு பெட்டி எடுத்து வைத்தார். புகை வால்வு மூன்றும் சூடு தாங்கும் உருக்கு என்றார். ராதா சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தாள். வால்வின் தலையில் வைத்தாள். டப் என்று ஒட்டியது.

"சூடு தாங்கிற உருக்கெண்டால் காந்தம் தலையிலை ஒட்டாது."

முதலாளி தலையைச் சொறிந்தார். "எனக்கு வாறதைத்தானே தங்கச்சி நான் விக்கிறன்" என்றார். பொய் சொன்ன முகமாகத் தெரியவில்லை. அவரும் பெட்டியில் எழுதியிருந்ததை நம்பினவர்தான்.

தேவையானவை, ராதா சொல்லத் துண்டில் எழுதியதன் பிரதி:
புகை வால்வு 3, காந்தம் ஒட்டாதது
உறிஞ்சு வால்வு 3, பழைய அளவு
வால்வு உட்காரும் வளையம் 6, கெட்டி உலோகம். லேத்தில் இறுக்குவது
வால்வுத் தண்டு ஓடும் குழல் 6
கேஸ்கெட்
கேஜ்!! (ஆச்சரியக்குறி இரண்டும் துண்டில் அவளே போட்டது)

ஓகஸ்ட் 8, வெள்ளி

ராதாவுக்குக் கொழும்பில் தெரிந்த கடை ஒன்று உண்டு. போனில் கேட்டாள். சரியான வால்வு இருக்கிறது. ரயிலில் பார்சல் போட்டால் செவ்வாய் மாங்குளம் ஸ்டேசனுக்கு வரும். தாமதமானால் வியாழன்.

லேத்துக்காரர் வேறு வழி சொன்னார்: பழைய வால்வுகளையே சீவி, முகம் எடுத்துப் போட்டால் நாளைக்கே முடித்துவிடலாம். ஞாயிறு வண்டி ஓடும்.

"நீங்கள்தான் சொல்லவேணும் அண்ணை," என்றாள் ராதா. "பழசைப் போட்டாலும் ஓடும். ஒரு வருசம் ஓடும், ரெண்டு வருசமும் ஓடும். காலபோக உழவுக்கு நடுவிலை நிண்டாலும் நிக்கும். நான் உத்தரவாதம் சொல்லமாட்டன்."

ஞாயிறு என்றால் அந்தோனி நேரத்துக்கு மடுவுக்குப் போகலாம். செவ்வாய் வால்வு வந்தால் வேலை முடியப் புதன் இரவு. வியாழன் வந்தால் அவன் திருநாளே போச்சு. அவனுக்காகப் பழசையே போடச் சொல்லுவோம் என்று முடிவெடுத்து, அவனிடம் சொல்லப் போனேன். பவுசர் நிரப்பிக்கொண்டு நின்றான்.

முழுக்கக் கேட்டான். "உனக்கென்ன விசரே? நல்லதைப் போடு. ரோசாவும் பிள்ளையளும் பஸ்ஸிலை முன்னுக்குப் போகட்டும். நான் முடியேக்கை வாறன்."

"உன்ர நேர்த்திக்கடனெல்லே?"

"மாதா எங்கையும் போகமாட்டா. இந்தச் சனம்தான் தண்ணியில்லாமல் எங்கை போறது?"

வீட்டுக்கு வந்து தவத்திடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். தவம் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்:

"மெய்யே, அந்தோனியண்ணை தன்ர எஞ்சினை ராதாட்டைக் குடுக்கேல்லையாமே? மடு முடிய அவளிட்டைத்தான் குடுக்கிறதா இருந்தவர். இப்ப வவுனியாவிலை ஆரோ ஒருத்தனுக்குச் சொல்லிப்போட்டாராம். ரோசா சொன்னவா. ராதா போன வருசம் போட்ட கேஸ்கெட் சரியில்லையாம் எண்டு."

"ஆர் சொன்னதாம்?"

"நீங்கள்தானாம்."

எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். முழு எஞ்சின் வேலை. அவளுக்கு இரண்டு மாதச் சீவியம். என் ஒரு வாயால்.

ஓகஸ்ட் 9, சனி

சைக்கிளில் காட்டோரக் குடியிருப்புக்கு. என்ன சொல்லப் போனேன் என்று தெரியாது. செவ்வாய் புதன் வரை பொறுக்க வேண்டும், அந்தோனி வருவான் என்று சொல்ல. அது ஏற்கனவே அவர்களுக்குத் தெரியும்.

ஞானத்தின் வாசல். நடுப்பகல். சட்டை உடம்போடு ஒட்டி இருந்தது.

"இருங்கோ அண்ணை. வெயிலுக்குள்ளாலை வந்திருக்கிறியள்."

உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நேற்றைய பவுசர்த் தண்ணீர். ஒரு வீட்டுக்கு எத்தனை குடம் என்று அளந்து கொடுப்பவன் நான். அவள் வீட்டில் எத்தனை பேர், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்றேன்.

"குடியுங்கோ. நீங்கள் தந்த தண்ணிதானே."

குடித்தேன்.

"மிசினுக்கு என்னவாம்? கேஸ்கெட்டாம் எண்டு கதைச்சினம்."

"இல்லைத் தங்கச்சி. என்ர பிழை. கிளிப் கசிஞ்சது, பாக்கேல்லை. பிறகு சூட்டோடை பச்சைத் தண்ணியை ஊத்திப்போட்டன்."

வாயால் வந்துவிட்டது. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் சொல்லவில்லை, இவளிடம் சொன்னேன். ஞானம் பெரிதாக ஒன்றும் நினைத்த மாதிரித் தெரியவில்லை. "அவசரத்திலை ஆருக்கும் வரும்," என்றாள். கடைசிப் பிள்ளை என் சைக்கிள் பெல்லை அடித்துக்கொண்டே இருந்தது.

திரும்பி வரும்போது கால் இலேசாக மிதித்தது. அவ்வளவு கடினமில்லை என்று தெரிந்தது.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

பூசை முடிந்து அந்தோனி வெளியே வரும்வரை கோயில் மதிலடியில் நின்றேன். ரோசா முன்னால் போனாள். அவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

சொன்னேன். முதலிலிருந்து. கிளிப், கேஜ், பச்சைத் தண்ணீர், "டிக்". கேஸ்கெட்டில் ஒரு பிழையும் இல்லை, ராதாவின் சுவரில் தொங்குகிறது, போய்ப் பார்க்கலாம்.

அந்தோனி வெள்ளைச் சட்டையின் கையை மடித்தான், பிறகு இறக்கினான், பிறகு மடித்தான்.

"நீ சொன்னபடியால்தான் நான் அந்தப் பிள்ளைக்குப் போன் எடுத்து வேண்டாமெண்டனான்."

"ஓம்."

"ஏனெண்டு கேட்டவள். நான் காரணமும் சொன்னனான் நேசன். 'கேஸ்கெட்டே ஒழுங்காப் போடத் தெரியாமல் முழு எஞ்சினை எப்பிடித் தாறது' எண்டு. என்ர வாயாலை."

அப்படியானால் அவளுக்குத் தெரியும். போன் எடுத்தது செவ்வாயாம். புதன்தான் ஹெட் கழற்றினாள். தெரிந்துகொண்டே கழற்றினாள். தெரிந்துகொண்டே வவுனியா வந்தாள், சாக்குத் தூக்கினாள், காந்தம் வைத்துப் பார்த்தாள்.

"உனக்கு வேற ஆளே கிடைக்கேல்லை?" என்றான் அந்தோனி. மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பின்னேரம் பவுசர்ச் சத்தம் கேட்டு வேலிக்கு ஓடினேன். அவன்தான். ஞாயிற்றுக்கிழமை நடை. கை காட்டவில்லை. ஆனால் ஓடினான்.

ஓகஸ்ட் 11, திங்கள்

காற்று கொஞ்சம். முருங்கை பூத்திருக்கிறது.

காலை தேத்தண்ணிக் கடை. அன்று இருந்தவர்களில் நாலு பேர் இருந்தார்கள். பிளேன்ரீ கையில் எடுத்தபடி சொன்னேன், உட்காராமல். கடைக்காரர் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்தவில்லை. ஒருவர் "அட" என்றார். இன்னொருவர், "அப்ப ராதா போட்டது நல்ல கேஸ்கெட்தான் போலை, அந்தச் சூட்டுக்கும் எரியேல்லையே" என்றார். அதை நான் யோசிக்கவே இல்லை. அவள் வேலைக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

பஸ்ஸில் லேத்திலிருந்து ஹெட் திரும்பி வந்தது. ராதா தனியாகப் போய் எடுத்து வந்திருக்கிறாள். வளையம் ஆறும் இறுக்கி, முகம் சீவி, கண்ணாடி மாதிரி. என்னை மாங்குளம் சந்திக்கு வந்து இறக்கச் சொல்லிப் போன் எடுத்தாள். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. அவளிடம் சொல்ல இருந்தேன், சந்தியில் சனம். நாளை.

அந்தோனி வீட்டாட்கள் பஸ்ஸில் மடுவுக்குப் போய்விட்டார்கள். அவன் மட்டும் நிற்கிறான். தவம் அவனுக்குச் சோறு கட்டி அனுப்பினாள். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது, உள்ளே நாலு மாம்பழம்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

காலை ஆறரைக்கே ஸ்டேசன். ரயில் அரை மணித்தியாலம் பிந்தி. பார்சல் வருமோ வராதோ என்று பிளாட்பாரத்தில் நடந்து நடந்து செருப்பு அறுந்தது. பெட்டி இறங்கியது! சின்னப் பெட்டி, கனம். ஸ்டேசன்காரர் கையெழுத்து வாங்கும்போது "என்ன, தங்கமோ?" என்றார். அதிலும் மேல் என்றேன்.

கராச்சுக்குப் போய் மேசையில் வைத்தேன். ராதா காந்தத்தை எடுக்க முதல்:

"தங்கச்சி, ஒரு கதை."

வலப்பக்கம் போய் நின்றேன். சொன்னேன். அந்தோனியிடம் சொன்னதையும், கடையில் சொன்னதையும், ஞானத்திடம் சொன்னதையும். மன்னிப்பு என்ற சொல் வாயில் சரியாக வரவில்லை, "பிழை விட்டிட்டன்" என்றுதான் வந்தது.

"எனக்கு அண்டைக்கே தெரியும் அண்ணை."

"பிறகேன் என்ர வேலையை எடுத்தனீர்?"

பெட்டியின் கட்டை அவிழ்த்தாள். "மூண்டு இடத்துச் சனத்துக்குத் தண்ணி போகவேணும். உங்களோடை இருக்கிற கோவத்துக்கு எஞ்சின் என்ன செய்யும்? உங்கட கதையைப் பிறகு பாப்பமெண்டு விட்டனான்." பிறகு, "கோவம் இருந்தது. இல்லையெண்டு சொல்லமாட்டன். வவுனியா பஸ்ஸுக்குள்ளை உங்களோடை கதைக்கக் கூடாதெண்டுதான் ஏறினனான். அந்தக் கொண்டக்டர்தான் சிரிக்க வைச்சுப்போட்டான்."

காந்தத்தை எடுத்தாள். முதல் புகை வால்வு. ஒட்டவில்லை, வழுக்கியது. இரண்டாவது, மூன்றாவது, அதே. என் கையில் காந்தத்தைத் தந்து, "நீங்களும் பாருங்கோ" என்றாள். பார்த்தேன். வாழ்க்கையில் ஒரு பொருள் ஒட்டாமல் போனதற்கு இவ்வளவு சந்தோசப்பட்டதில்லை.

வால்வு உரஞ்சும் வேலையை எனக்குத் தந்தாள். விளிம்பில் பசை பூசி, வளையத்தில் இருத்தி, தடியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும். முதலில் சொரசொர என்று கேட்கும். போகப் போகச் சத்தம் மென்மையாகும், பிறகு துடைத்துப் பார்த்தால் சுற்றிவரச் சாம்பல் நிறத்தில் ஒரே அகலத்தில் ஒரு கோடு. ஒரு இடத்தில் கோடு விட்டிருந்தாலும் திருப்பி உருட்டச் சொல்கிறாள். ஆறு வால்வு. இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். பொழுதுபடும்போது ஒவ்வொரு துளையிலும் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தாள். ஒன்றும் ஒழுகவில்லை.

"பரவாயில்லை," என்றாள். அவளுடைய பாராட்டு அவ்வளவுதான்.

ஓகஸ்ட் 13, புதன்

ஹெட் ஏற்றியது. புதுக் கேஸ்கெட். நட்டு இறுக்கும் ஒழுங்கு: நடுவிலிருந்து வெளியே, ஒரே மூச்சில் இல்லை, மூன்று தரம். எத்தனையாவது நட்டு என்று நான் வரிசை எண் சொல்ல, அவள் இறுக்கினாள். வால்வு இடைவெளி தகடு வைத்துப் பார்த்தாள். குழாய் புதிசு, கிளிப் புதிசு. கேஜ் கண்ணுக்கு நேரே, ஸ்டியரிங் பக்கத்தில். "இது இல்லாமல் என்ர கராச்சாலை வெளியிலை போகாது" என்றாள்.

பின்னேரம் நாலு மணி. முதல் தரம் பிடிக்கவில்லை. இரண்டாம் தரம் இருமியது. மூன்றாம் தரம் பிடித்தது. ராதா நீளமான திருப்புளியை ஹெட்டில் வைத்துப் பிடியை வலது காதில் வைத்தாள். கண் மூடினாள். நானும் மூச்சு விடவில்லை.

"கேளுங்கோ," என்று என்னிடம் நீட்டினாள்.

ஆறும் ஒரே தாளத்தில், தட் தட் தட் தட். கேஜ் மெதுவாக ஏறிப் பச்சையில் நின்றது. அரை மணித்தியாலம் அப்படியே நின்றது.

அந்தோனிக்குப் போன் எடுத்தேன். மூன்று நாளாக அவன் என்னோடு கதைக்கவில்லை. எடுத்தான். ஒன்றும் சொல்லாமல் போனை எஞ்சினுக்குக் கிட்டப் பிடித்தேன்.

"கேக்குது," என்றான். பிறகு, "நல்லாக் கேக்குது. பவுசரைக் கொண்டுவந்து விடுறன்."

இருட்டமுன் கொண்டுவந்தான். கொளுவித் தந்தான். "நாளைக்கு விடிய மடுவுக்குப் போறன். உனக்கென்ன நேர்த்தி வைக்க?"

என்ன சொல்ல. ராதாவுக்கு வை என்றேன்.

ஓகஸ்ட் 14, வியாழன்

நாலு நடை. கேஜ் பச்சையை விட்டு அசையவில்லை. ஒவ்வொரு நடைக்கும் முன்னால் ரேடியேட்டர் மூடி திறந்து பார்த்தேன்.

காட்டோரத் திருப்பம் ஏறியது. இரண்டாம் கியரில், மூச்சு வாங்காமல். மேலே குடங்கள் வரிசையாக. கை தட்டவில்லை, ஒன்றுமில்லை, தண்ணீர் வந்ததும் எழும்பிக் குடத்தை எடுத்தார்கள். அதுதான் வேண்டியிருந்தது. ஞானத்துக்கு ஒரு குடம் கூட நிரப்பினேன். "ஏன் அண்ணை?" என்றாள். கணக்குப் பிழைத்துப் போச்சு என்றேன்.

ஓகஸ்ட் 15, வெள்ளி

மூன்று நடை. தவத்துக்குத் தலையிடி, பனடோல். மடுவில் இப்போது கொடி, கூட்டம் எல்லாம் இருக்கும். அந்தோனி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தான் என்று ரோசா போன் எடுத்தாள். தவம் அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். நானும்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

ராதா சொன்னபடி, சில நாள் ஓடினபின் நட்டுகளைத் திருப்பி இறுக்கக் கராச்சுக்குப் போனேன். விடுமுறை நாள், ஆனாலும் திறந்து வைத்திருந்தாள். நான் வரிசை எண் சொல்ல, அவள் இறுக்க, நடுவில் வாசலில் மோட்டார்சைக்கிள் சத்தம். அந்தோனி. மடுவிலிருந்து நேரே. தலையில் இன்னும் செம்புழுதி.

உள்ளே வந்தான். என்னைப் பார்க்கவில்லை. ராதாவின் வலப்பக்கம் சுற்றிப் போய் நின்றான்.

"தங்கச்சி, நான் விசாரியாமல் கதைச்சுப்போட்டன்."

ராதா இறுக்கிக்கொண்டிருந்த நட்டை முடித்தாள். அடுத்ததில் நட்டுச் சாவியை வைத்தாள்.

"வவுனியாக்காரனுக்குச் சொல்லிப்போட்டன், வேண்டாமெண்டு. என்ர மிசினை எப்ப கொண்டுவாறது?"

அவள் சாவியை எடுத்துத் துணியால் துடைத்தாள். அந்தோனி நின்றான். நான் எந்த எண் சொல்ல வேண்டும் என்பதை மறந்துபோனேன்.

"புதன்கிழமை கொண்டுவாங்கோ. காலமை வெள்ளெனக் கொண்டுவாங்கோ, பிந்தினால் எடுக்கமாட்டன்."

"ஓம்."

"அண்ணை, எத்தினையாவது?" இது எனக்கு.

"ஏழு," என்றேன். சரியா என்று தெரியாது. அவள் ஏழாவதை இறுக்கினாள்.